மூக்கை நீட்டும் பிஸ்டல்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் தெரியாது. ஜெர்மன் எழுத்தை எந்தப் பக்கம் நிமிர்த்திப் பிடிப்பது என்றும் தெரியாது. அப்படிப்பட்ட நான், ஜெர்மன் எழுத்து போட்ட ஜெராக்ஸ் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, நூறு வருடத்துக்கு முந்தைய பிஸ்டல்களின் உள்வேலையைப் பித்தளையிலும் தேக்கிலும் மூன்று மடங்கு பெரிதாகச் செய்து நிறுத்தியிருக்கிறேன். ஒன்றல்ல, ஐந்து; அதில் ஒன்றுக்குப் படமும் கிடையாது. அரிமளம் ரோட்டில் எட்டடிக்குப் பத்தடி துப்பாக்கி ரிப்பேர் பட்டறை. லேத் கிடையாது. ஸ்பிரிங் வேண்டுமென்றால் பழைய ஸ்கூட்டரின் கிளட்ச்சைக் கழற்றுவேன். பித்தளை வேண்டுமென்றால் பாத்திரக் கடைக்காரரிடம் ஓட்டை அண்டாவுக்குச் சொல்லிவைப்பேன். ஐந்தும் இன்று காவலர் பயிற்சிப் பள்ளியின் காட்சி அறையில் கண்ணாடிக்குள் நிற்கின்றன. சுடாது, சுடவும் முடியாது. ஆனால் பக்கவாட்டில் அறுத்துத் திறந்துவிட்டதால் உள்ளே ஓடுவதெல்லாம் தெரியும். கைப்பிடியைச் சுற்றினால் நிஜ பிஸ்டலில் கண் இமைப்பதற்குள் நடப்பதை நீங்கள் ஒவ்வோர் அசைவாகப் பார்க்கலாம். இந்தியாவில் இப்படி வேறு எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். நான் விசாரித்துவிட்டேன்.

காவல்துறை ஆயுதப் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எழுதச் சொன்னார் உங்கள் அதிகாரி. "பெரியவரே, நீங்க பாத்ததை எழுதிக் குடுங்க, வர்ற பிள்ளைங்க படிக்கட்டும்" என்றார். எண்ணெய் போடுவது, துடைப்பது, கழற்றிப் பூட்டுவது எல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள். வகுப்பில் வராததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலத்து ஆட்களைப் பற்றி ஒன்று. ஒரு குண்டு வெடித்தால் அது முன்னால் தள்ளுகிற அளவுக்குப் பின்னாலும் தள்ளுகிறது. அந்த உதையைப் பிடித்து, அதை வைத்தே காலித் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே ஏற்றினால் என்ன? இந்த யோசனை வந்ததும் ஐரோப்பாவில் ஆளுக்கு ஆள் கிளம்பிவிட்டார்கள். எது சரியான வழி என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒருவர் முழங்கால் மாதிரி மடக்கினார். ஒருவர் குழலையே திருகித் திறந்தார். ஒருவர் குழலைக் கடைசிவரை பின்னால் அனுப்பி, தனியாகத் திரும்பி வரச் செய்தார். பெரும்பாலான வழிகள் தோற்றுப்போயின. ஒன்றிரண்டுதான் இன்று உங்கள் இடுப்பில் இருக்கின்றன. தோற்றவர்களின் படங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் வருடக்கணக்கில் ஒரு சின்ன இரும்புத் துண்டை இப்படி அறுக்கலாமா அப்படி அறுக்கலாமா என்று உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் சொன்னாலும் புரியாது. டீக்கடையில் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் கிளாஸை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவான். புதுக்கோட்டையில் பிஸ்டலின் குழல் எப்படித் திருகுகிறது என்று பேச எனக்கு ஒரு ஆள் கிடைத்ததில்லை. இன்றைக்கும் இல்லை.

என் மனைவி அலமேலு மட்டும் கேட்பாள். புரிந்து அல்ல, நான் பேசுகிறேன் என்று கேட்பாள்.

முழங்கால் மாதிரியில் நான் ஏழு மாதம் மாட்டிக்கொண்டேன். இரண்டு துண்டு, நடுவில் ஒரு கீல். படத்தில் அது நேராக நிற்கிறது. நேராக நின்றால் எவ்வளவு தள்ளினாலும் மடங்கவில்லை. கொஞ்சம் வளைத்து வைத்தால் தொட்டதுமே மடங்கிவிடுகிறது. எது சரி? படம் தப்பு என்று முடிவு கட்டி மூட்டையாகக் கட்டிவைத்துவிட்டேன். அந்தச் சமயம் அலமேலுவின் தங்கை குடும்பம் வந்திருந்தது, எல்லோரும் சித்தன்னவாசல் போனோம். பாறையில் இறங்கும்போது கால் நேராக இருந்தவரை என் உடம்பு முழுவதையும் தாங்கியது. முட்டி ஒரு விரல்கடை மடங்கியதுமே கால் தானாக மடிந்து உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே கத்தினேன். நேராக நிற்கும் வரை பூட்டு, லேசாகத் தட்டிவிட்டால் திறப்பு. அந்த லேசான தட்டுக்குத்தான் ஓரத்தில் ஒரு சரிவு இருக்கிறது, நான் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன்!

"ஊரே ஓவியம் பாக்க வருது. இந்த மனுசன் தன் முட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள் அலமேலு.

"முட்டியில இருக்குடி விசயம்."

"இருக்கும், இருக்கும். மொதல்ல எந்திரிங்க, பின்னாடி ஆளு நிக்குது."

அலமேலு போய் ஆறு வருடம் ஆகிறது. அவளுக்குப் பிறகு நான் சத்தமாகக் கத்துவதற்கு எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

இப்படி நாலு மாதிரி செய்து முடித்தேன். நாலும் நாலு விதம். ஆனால் நாலிலும் வெடித்ததும் இரும்பு பின்னால்தான் வரும். ஆகவே எனக்கு ஒரு உறுதி வந்துவிட்டது: தானியங்கி என்றால் பின்னால் வரும். பெரிய படிப்புப் படித்த அதிகாரிகள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். மாவட்டத்தில் எந்தக் காவல் நிலையத்தில் பழைய துப்பாக்கி வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். இந்த உறுதியோடுதான் நான் ஒரு தேர்தல் நேரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். முந்திரிக் காட்டில் பன்றி விரட்டுகிற நாட்டுத் துப்பாக்கியிலிருந்து, அரண்மனை உத்தியோகத்தில் இருந்த தாத்தாவின் இரட்டைக் குழல்வரை வந்து சேரும். அன்றைக்கு என் வேலை, ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்து, "காலி" என்று சொல்வது. நான் சொன்ன பிறகு ஏட்டு அடைக்கலம் பதிவேட்டில் எழுதி, சீட்டில் பெயர் எழுதி, டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தில் நூலை விட்டுக் கட்டுவார். அவர் கந்தர்வகோட்டைப் பக்கத்து ஆள். எழுத்து அச்சடித்தது போல இருக்கும். எட்டு வருடம் இப்படி ஜோடியாக உட்கார்ந்திருக்கிறோம். நான் சொன்னால் அவர் மறுபடி பார்க்கமாட்டார். எங்களுக்குள் அதுதான் வழக்கம்.

மத்தியானம் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள், ஜுலைகா அம்மா என்று பெயர். கணவர் இறந்துவிட்டார், லைசென்ஸும் அவரோடு முடிந்தது. பிஸ்கட் டப்பாவுக்குள் மஸ்லின் துணியில் சுற்றிய ஒரு பிஸ்டல்.

"எங்க மாமனாரோட வாப்பா பினாங்குலேருந்து கொண்டாந்ததுங்க. வீட்டுல யாரும் தொட்டதில்ல. இனி எனக்கு இது வேணாம், நீங்களே வச்சுக்கங்க" என்றார்கள்.

கையில் வாங்கினேன். சின்னது, விநோதமான உருவம். குண்டு அடுக்கும் மேகசினை எடுக்கப் பார்த்தேன், பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சரி, மேலே இருக்கும் இரும்பைப் பின்னால் இழுத்துப் பார்ப்போம் என்று பிடித்தேன். அசையவில்லை. முழு பலத்தோடு இழுத்தேன். அசையவே இல்லை.

அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்கள்: "மத்ததாட்டம் இல்லையாம் தம்பி இது. மூக்கை முன்னாடி நீட்டும்னு எங்க மாமனார் சொல்வாக."

நான் சிரித்தேன். "அம்மா, நாப்பது வருசமா இதே வேலை எனக்கு. பிஸ்டலு பின்னாடிதான் வரும். ஒங்க மாமனாரு ஒங்களுக்குக் கதை சொல்லியிருக்காரு."

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஆயுதங்களை ஏற்றிப்போக வேன் நின்றுகொண்டிருந்தது, மேலதிகாரி போன் மேல் போன். "என்னங்க, இன்னும் எத்தனை இருக்கு?"

"இதான் கடைசி சார்."

"என்ன ஆச்சு அதுக்கு?"

"துருப்பிடிச்சு இறுகிப்போச்சு சார். செத்த பொருளு. காலி."

காலி. அந்த வார்த்தையைச் சொன்னேன். உள்ளே பார்க்காமல் சொன்னேன். அசையவில்லை என்பது ஒரு விஷயம், உள்ளே ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். இரண்டையும் நான் ஒன்றாக்கினேன். எனக்குத் தெரியாத பொருள் ஒன்று இருக்க முடியும் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அடைக்கலம் சீட்டு எழுதினார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய் வளையத்தில் நூலை விட்டு முடிச்சை இழுத்தார். நூல் டிரிகரில் மாட்டியிருந்திருக்கிறது.

அந்தச் சின்ன அறையில் வெடித்த சத்தம் எனக்கு நினைவில் இல்லை. நான் பார்த்ததுதான் நினைவிருக்கிறது. சுவரோர பீரோவில் ஓட்டை விழுந்தது. அதே நொடியில் பிஸ்டலின் குழல் முன்னால் பாய்ந்து, திரும்பி வந்து உட்கார்ந்தது. காலித் தோட்டா மேஜையில் உருண்டது. மற்ற எல்லோரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள், நான் மட்டும் குழலைப் பார்த்தேன். பின்னால் எதுவும் வரவில்லை. குழல்தான் போனது, குழல்தான் வந்தது. மூக்கை நீட்டியது. அப்படியென்றால் திரும்பி வரும்போது அடுத்த குண்டை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

அறையில் ஒருவரும் இல்லை. நானும் அடைக்கலமும்தான். அவர் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பிஸ்டல், மறு கையில் நூலின் நுனி. நூல் இன்னும் டிரிகரில் மாட்டியிருந்தது. கை கொஞ்சம் அசைந்தாலும் டிரிகரை இழுத்துவிடும்.

வாசலிலிருந்து இன்ஸ்பெக்டர் கத்தினார்: "யோவ், தூக்கி வெளிய எறிய்யா!"

"எறியாதீங்க ஏட்டையா!" என்று நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். "கீழயும் வைக்காதீங்க. அடுத்தது உள்ள இருக்கு."

"என்னய்யா சொல்றீங்க?" என்றார் அடைக்கலம், இடது காதைத் தோளில் தேய்த்துக்கொண்டே.

"பீரோவைப் பாத்தமாதிரியே நில்லுங்க. நூலை மட்டும் தளர விடுங்க. வாரேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தை நான் பெருமைக்காக எழுதுகிறேன், ஏனென்றால் பெருமைதான். ஓடுகிறவர்கள் ஓடட்டும். மேலதிகாரி சொன்னதற்கு எதிராக நான் சத்தம் போட்டேன், அதுவும் சரிதான். பொருள் என்ன செய்யும் என்று தெரிந்தவன் பேச வேண்டும், பதவி பேசக் கூடாது. சட்டைப் பையில் நகவெட்டி இருந்தது. அதைக்கொண்டு நூலை அறுத்தேன். அவர் கையின் மேல் என் கையை வைத்து பிஸ்டலை வாங்கினேன். பின்னால் இழுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குழலைப் பிடித்து முன்னால் இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. குண்டு தரையில் விழுந்தது. அதன் பிறகு பட்டறையில் வைத்து மேகசினைப் பிரித்தபோது அதில் இன்னும் நாலு இருந்தன.

ஜுலைகா அம்மா வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். 'நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை.

விசாரணை வந்தது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி, நல்ல மனிதர். என்னை உட்கார வைத்துக் கேட்டார்: "நீங்க 'இறுகியிருக்கு'ன்னு சொன்னீங்களா, 'காலி'ன்னு சொன்னீங்களா?"

அடைக்கலம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். நான் இரண்டையும் சொல்லியிருந்தேன். அதிகாரி நான் தப்பிக்கக் கதவைத் திறந்து வைத்துக் கேட்கிறார் என்று புரிந்தது. "காலி" என்று ஒப்புக்கொண்டால் என் ரிப்பேர் லைசென்ஸ் போகும், பட்டறை போகும், நாலு மாதிரிகளும் யாரோ செய்தவை ஆகிவிடும். அப்போது எனக்கு அப்படித்தான் கணக்குப் போட வந்தது.

"இறுகியிருக்குன்னுதான் சொன்னேன் சார்" என்றேன்.

அடைக்கலம் மறுத்துப் பேசவில்லை. பஞ்சு வைத்திருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். கவனக்குறைவு என்று எழுதி அவருக்கு மெமோ கொடுத்தார்கள். கூட இருந்தவர்களெல்லாம் எஸ்.எஸ்.ஐ. ஆனார்கள். அவர் ஏட்டாகவே ஓய்வு பெற்றார். இடது காது திரும்பவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐந்தாவது மாதிரியைச் செய்தேன். குழல் முன்னால் ஓடுகிற மாதிரி. இதற்குப் படமே இல்லை, நான் கண்ணால் பார்த்த அந்த ஒரு நொடிதான் படம். பதினான்கு மாதம். ஐந்திலும் அதுதான் அழகானது, யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லட்டும். நூறு வருடத்துக்கு முன்பு அந்த வழியை யோசித்த ஆள் தோற்றுப்போனார். குழல் முன்னால் பாய்ந்தால் கையில் இரட்டை உதை, குறி நிற்காது. ஆனால் யோசனை எவ்வளவு சுத்தமானது என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். மாலையோடு பஸ்ஸில் வந்து வீட்டுக் கதவைத் திறந்தேன். அலமேலு அதற்கு முந்தின மாதம்தான் போயிருந்தாள். மாலையை எங்கே மாட்டுவது என்று நின்றுகொண்டிருந்தேன்.

போன மாசி மாதம் அடைக்கலத்தைப் பார்க்கப் போனேன். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. முந்திரித் தோப்பின் ஓரத்தில் வீடு. வாசலில் உட்கார்ந்து பழத்திலிருந்து கொட்டை திருகிக்கொண்டிருந்தார்.

"வாங்க மெக்கானிக். எங்கிட்டு உக்காரப்போறீங்க? அங்கிட்டு உக்காந்தா நீங்க சொல்றது எனக்குக் கேக்காது. வேணும்னா அங்கிட்டே உக்காருங்க, ஒங்களுக்கு அதுதான் வசதி."

வலது பக்கம் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் ஐந்தாவது மாதிரியைப் பற்றிப் பேசினேன். அரை மணி நேரம். அவர் கொட்டையைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"எம்மக போலீசுக்குப் போயிட்டா, தெரியுமா?" என்றார் பிறகு. "பயிற்சிக்கு ஒங்க பொம்மை நிக்குற எடத்துக்குத்தான் போனா. அஞ்சாவது பொம்மைக்குக் கீழ ஒரு போர்டு வச்சிருக்காகளாம். 'ஏட்டு ஒருவரின் கவனக்குறைவால்'னு. பயிற்சிப் பிள்ளைகளை வரிசையா நிக்க வச்சு அதை வாசிக்கச் சொல்றாகளாம். எம்மக வாசிச்சிருக்கா. லீவுக்கு வந்தவ கேட்டா, 'அப்பா, அது நீங்களா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். அது நாந்தானே."

"என்னைப் பத்திச் சொல்லலையா?"

"அதை நாஞ்சொல்லணுமா?" கையில் இருந்த கொட்டையைக் கூடையில் போட்டார். "அன்னிக்கு இடது காதுதான் போச்சு மெக்கானிக். வலது காது நல்லாத்தான் கேட்டுச்சு."

உள்ளே இருந்து டீ வந்தது. குடித்தோம். பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார், ஆனால் என் இடது பக்கமாக நடந்து வந்தார். அவருடைய வலது காது என் பக்கம் இருந்தது. அந்த முக்கால் கிலோமீட்டரும் நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

இப்போது உங்கள் அதிகாரி போன் செய்து, ஐந்து மாதிரிகளுக்கும் இதுவரை பெயர் போடாமல் விட்டது தப்பு, பித்தளைத் தகட்டில் என் பெயரைப் பொறிக்கப்போகிறோம் என்கிறார். போடுங்கள். எத்தனையோ வருடமாக "பட்டறைத் தயாரிப்பு" என்று எழுதி வைத்திருந்தீர்கள். செய்தது பட்டறை அல்ல, நான்தான். ஐந்திலும் போடுங்கள், சு. கருப்பையா என்று இன்ஷியலோடு போடுங்கள். அது எனக்கு உரியது.

ஆனால் தகடு பொறிக்கிற ஆளிடம் இன்னும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். ஐந்தாவதுக்குக் கீழே இருக்கும் போர்டை எடுத்துவிடுங்கள். புதிதாக இப்படி எழுதுங்கள்: "உள்ளே பார்க்காமல் 'காலி' என்று சொன்னவர் சு. கருப்பையா. அவர் சொன்னதை நம்பிச் சீட்டுக் கட்டியவர் ஏட்டு அடைக்கலம். இப்படி முன்னால் போகும் என்று முன்கூட்டியே சொன்னவர் ஜுலைகா அம்மா." மெமோ கொடுத்த அலுவலகத்துக்கும் கையெழுத்துப் போட்டுத் தனியாக ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன். என் லைசென்ஸை ரத்து செய்ய வேண்டுமென்றால் செய்துகொள்ளட்டும்.

எழுத்து என் பெயர்த்தகட்டில் உள்ள அளவிலேயே இருக்க வேண்டும், சின்னதாகப் போட்டு ஓரத்தில் வைக்கக் கூடாது. அந்த அறையில் வெடித்ததும் நான் செய்ததுதான். அதை இத்தனை வருடம் வேறு ஒருவர் பெயரில் வைத்திருந்தீர்கள். என் பங்கை என் பெயரில் எழுதுங்கள்.